நானோன்னா எவ்வளவு?

மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல் பிரிவு



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மன்றச் செயலாளர் என்னைக் கேன்டீன் வாசலில் மடக்கியபோது, "எனக்குக் கவிதையும் வராது, கதையும் வராது, விட்டுடுங்க" என்று நழுவப் பார்த்தேன். "அப்ப விஞ்ஞானக் கட்டுரை எழுது. நானோ பத்தி எழுது. எல்லாரும் அதைத்தானே பேசுறாங்க!" என்றார். எல்லாரும் பேசுகிறார்கள் என்பது வாஸ்தவம்தான். என் வருத்தமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சென்ற ஆண்டு நம் கல்லூரிக் கருத்தரங்கில் வாசிக்கப்பட்ட கட்டுரைகளின் தலைப்புகளை நினைத்துப் பாருங்கள். நானோ பூச்சு, நானோ எண்ணெய், நானோ மருந்து, நானோ ரோபோ.... எந்தப் பக்கம் திரும்பினாலும் நானோ! அதில் ஒரு கட்டுரையை மேடையேறி வாசித்தவன் அடியேன். வண்ணப் படங்கள் எல்லாம் போட்டு, பத்து நிமிடம் மூச்சுவிடாமல் பேசி முடித்தேன். கைத்தட்டலும் கிடைத்தது. நடுவராக வெளியிலிருந்து வந்திருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, நானோன்னா எவ்வளவு?"

"ரொம்பச் சின்னது சார்."

"அது தெரியுது. எவ்வளவு சின்னது?"

"கண்ணுக்கே தெரியாத அளவுக்கு சார்."

அரங்கமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "உங்க லேத்துல கடைசி கட் எவ்வளவு எடுப்பீங்க?" என்றார். "கால் மில்லிமீட்டர் சார்" என்றேன். "அதுல எத்தனை நானோமீட்டர் இருக்கு?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மைக்கை யாரிடம் கொடுத்தேன் என்றுகூட நினைவில்லை.

விடை, இரண்டரை லட்சம். எட்டாம் வகுப்புப் பையன் போடக்கூடிய கணக்கு. எனக்குக் கணக்குத் தெரியாமல் போகவில்லை. நானோ என்பது கணக்குப் போடவேண்டிய விஷயம் என்பதே என் புத்தியில் ஏறாமல் இருந்திருக்கிறது. அதை நான் 'சூப்பர்', 'அல்ட்ரா', 'டீலக்ஸ்' என்பன போன்ற ஓர் அலங்காரச் சொல்லாகவே வைத்திருந்தேன். நம்மில் பலருக்கும் அப்படித்தான் என்று சந்தேகப்படுகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் சொல்லின் ஜாதகத்தைப் பார்த்துவிடுவோம். கிரேக்க மொழியில் குள்ளன் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது நானோ. 1960-ல் உலக நாடுகள் கூடி எஸ்.ஐ. அளவு முறையை வகுத்த மாநாட்டில், நூறு கோடியில் ஒரு பங்கு என்பதற்கு இதைப் பெயராக ஏற்றார்கள். அதாவது 10-ன் அடுக்கு மைனஸ் 9. அதற்கு ஒரு படி கீழே பிகோ. 1964-ல் ஃபெம்டோ, ஆட்டோ வந்தன. 1991-ல் செப்டோ, யாக்டோ. 2022-ல் ரான்டோ, குவெக்டோ வரைக்கும் போய்விட்டார்கள். (நம்ம ஊர் ஷேர் ஆட்டோவுக்கும் 1964-ல் வந்த ஆட்டோவுக்கும் சம்பந்தம் இல்லை!)

ஆக, நானோ தனியாக நிற்கவே முடியாத சொல். அதற்குப் பின்னால் ஓர் அலகு வரவேண்டும். நானோமீட்டர், நானோ செகண்ட், நானோ ஃபாரட், நானோ கிராம். வெறும் 'நானோ' என்று நிறுத்தினால், கடைக்காரரிடம் போய் "அரை கொடுங்க" என்று கேட்பது மாதிரி. அரை என்ன? அரைக் கிலோவா, அரை டஜனா?

எவ்வளவு சின்னது என்று மனதில் பிடிக்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு நானோமீட்டரை ஒரு மில்லிமீட்டராகப் பெருக்கிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் நம் ஒரு மீட்டர் ஸ்கேல் 1,000 கிலோமீட்டர் நீளம் ஆகிவிடும். சென்னையில் ஒரு முனையை வைத்தால் கன்னியாகுமரி தாண்டிக் கடலுக்குள் போய் நிற்கும். இன்னொன்று: நம் விரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளர்கிறது. 30 நாளை வினாடியாக்கி வகுத்துப் பாருங்கள். வினாடிக்கு ஒரு நானோமீட்டருக்குச் சற்று அதிகம் வருகிறது. இந்த வாக்கியத்தை நீங்கள் படித்து முடிப்பதற்குள் உங்கள் நகம் நாலைந்து நானோமீட்டர் வளர்ந்துவிட்டது!

நம் எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு நண்பர்களுக்கு இந்தக் கணக்கு தினசரிச் சோறு. ஆனாலும் அங்கேயும் கதை உண்டு. என் அறைத்தோழன் ஒருவன் 555 டைமர் வைத்து ஒரு சுற்று அமைத்தான். எல்.இ.டி. மின்னவேண்டிய வேகத்தைவிடப் பத்து மடங்கு வேகமாகத் துடித்தது. ஐ.சி.யை மாற்றினான், ரெசிஸ்டரை மாற்றினான், போர்டையே மாற்றினான். இரண்டு நாள் போயிற்று. கடைசியில் பார்த்தால், 104 என்று எழுதிய கபாசிடருக்குப் பதில் 103 என்று எழுதியதைக் குத்தி வைத்திருக்கிறான். 104 என்றால் 10-க்குப் பின் நாலு சைபர் போட்ட பிகோ ஃபாரட், அதாவது 100 நானோ ஃபாரட். 103 என்றால் 10 நானோ ஃபாரட். மிளகு சைஸில் இருக்கும் இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். 'இரண்டும் நானோதானேடா' என்று நினைத்ததற்கு இரண்டு நாள் தண்டனை.

கம்ப்யூட்டர் பிரிவினர் ரசிக்கும்படி இன்னொன்று. அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய கிரேஸ் ஹாப்பர் என்ற கணினி விஞ்ஞானி தம் சொற்பொழிவுகளில் ஓர் அடிக்குச் சற்றுக் குறைவான நீளத்தில் வெட்டிய வயர் துண்டுகளை எல்லோருக்கும் விநியோகிப்பாராம். "இதுதான் ஒரு நானோ செகண்ட்" என்பாராம். ஒளி ஒரு நானோ செகண்டில் போகக்கூடிய தூரம் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர்தான். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி போய்வர ஏன் நேரமாகிறது என்று கேட்ட அதிகாரிகளுக்கு அவர் வயரைக் காட்டியே விளக்கினார். பெரிய சொல்லைக் கைக்கு அடக்கமான ஒரு பொருளாக்கிக் காட்டிய அந்த அம்மையாரை நான் வணங்குகிறேன்.

சரி, நம் பட்டறைக்கு வருவோம். நம் மைக்ரோமீட்டரின் லீஸ்ட் கவுன்ட் 0.01 மில்லிமீட்டர். அது 10 மைக்ரான். நானோவில் சொன்னால் 10,000. தலைமுடியின் தடிமன் ஆளுக்கு ஆள் மாறும். 50 முதல் 100 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளலாம். பழைய ஃபிட்டர்கள் இன்னும் 'தௌ' என்றுதான் பேசுகிறார்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அது. ஒரு தௌ 25.4 மைக்ரான். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், மைக்ரான் என்ற பெயரை 1967-லேயே அதிகாரபூர்வமாக நீக்கிவிட்டார்கள். மைக்ரோமீட்டர் என்றுதான் சொல்லவேண்டுமாம். ஆனால் நம் பட்டறையில் மைக்ரோமீட்டர் என்றால் கையில் பிடிக்கும் கருவி. "மைக்ரோமீட்டர்ல ரெண்டு மைக்ரோமீட்டர் கூட வருது" என்று யாராவது சொன்னால் அவனைச் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். எனவே நானும் மைக்ரான் என்றே எழுதுகிறேன். ஆசிரியர்கள் மன்னிக்கவேண்டும்.

இந்தச் சின்ன அளவுகள் எனக்கு உறைத்த இடம் கருத்தரங்க மேடையல்ல. விடுமுறையில் பயிற்சிக்குப் போன ஒரு சிறு கிரைண்டிங் பட்டறை. ஊர் பெயர், பட்டறைப் பெயர் வேண்டாம். அங்கே எஃகு புஷ்களின் உள்துளையை 25 மில்லிமீட்டர் எச்7 அளவுக்கு அரைத்துக்கொண்டிருந்தோம். எச்7 என்றால் துளை 25.000-க்குக் குறையக்கூடாது, 25.021-க்கு மேல் போகக்கூடாது. அனுமதி மொத்தமே 21 மைக்ரான். அன்று மத்தியானம் கூலன்ட் பம்ப் மக்கர் செய்து, தண்ணீர் சரியாக விழவில்லை. ஆர்டரோ அவசரம். இறக்கிய புஷ்ஷைச் சூடு ஆறுவதற்கு முன்பே போர் கேஜ் போட்டு அளந்து, "25.002, ஓகே" என்று நான் நோட்டில் எழுதிக்கொண்டே போனேன். நாற்பது புஷ். எல்லாம் ஓகே!

சாயங்காலம் தணிக்கைக்கு எடுத்தபோது, பிளக் கேஜின் 'கோ' பக்கம் ஒரு புஷ்ஷில்கூட நுழையவில்லை.

ஓனர் என்னைத்தான் பார்த்தார். நான் நோட்டைக் காட்டினேன். அவர் நோட்டைப் பார்க்கவே இல்லை. "அளக்கத் தெரியாதவனை எல்லாம் எவன்டா அனுப்புறது" என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னார். அந்த மாதம் கைக்கு வரவேண்டிய உதவித்தொகை அதோடு போயிற்று. மெஷினில் நின்ற அண்ணன்தான் என்னை ஓரமாக அழைத்துப் போய், "தம்பி, நீ அளந்தது தப்பில்ல. அளந்த நேரம்தான் தப்பு" என்றார். "சூட்டுல இரும்பு விரியும். ஆறினா சுருங்கும். துளையும் சேர்ந்துதான் சுருங்கும்."

இரவு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். எஃகு ஒரு டிகிரிக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் பதினொன்றரைப் பங்கு விரிகிறது. 25 மில்லிமீட்டருக்கு டிகிரிக்கு 290 நானோமீட்டர். கேஜைவிடப் புஷ் 20 டிகிரி சூடாக இருந்தால் ஏறக்குறைய 6 மைக்ரான். 25.002-லிருந்து 6 மைக்ரானைக் கழியுங்கள். 24.996. கேஜ் எப்படி நுழையும்? துளை சின்னதாகப் போனதால் மறுபடி அரைத்துக் காப்பாற்ற முடிந்தது. பெரிதாகப் போயிருந்தால் நாற்பதும் பழைய இரும்புக்குத்தான். அந்த அண்ணனும் நானும் இரவு 11 மணி வரை நின்று அரைத்தோம். பரோட்டாவை அவர்தான் வாங்கிக் கொடுத்தார்.

உலகம் முழுக்க நீள அளவுக்கு 20 டிகிரி செல்சியஸை ஏன் பொது வெப்பநிலையாக வைத்திருக்கிறார்கள் என்பது பாடப் புத்தகத்தில் ஒரு வரி. இரண்டு மதிப்பெண் கேள்வி. எனக்கு அது ஒரு மாத உதவித்தொகை.

இப்போது ஒரு சங்கதி சொல்கிறேன், மெக்கானிக்கல் நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். நானோ டெக்னாலஜி என்ற சொல்லை முதலில் பிரயோகித்தவர் யார்? ரசாயன மேதையா? மருத்துவரா? இல்லை. நோரியோ டானிகுச்சி என்ற ஜப்பானியப் பேராசிரியர். உற்பத்திப் பொறியியல்காரர், நம்ம ஆள்! 1974-ல் டோக்கியோவில் நடந்த உற்பத்திப் பொறியியல் மாநாட்டில் அவர் வைத்த கட்டுரையில்தான் அந்தச் சொல் பிறந்தது. அவருக்கு இருந்த கவலை நம் கவலைதான்: எவ்வளவு நுணுக்கமாக அரைக்கலாம், வெட்டலாம், மெருகேற்றலாம்? ஓர் அணு, ஒரு மூலக்கூறு என்ற கணக்கில் பொருளை எடுக்கவும் சேர்க்கவும் முடிகிற இடம்வரை போகலாம் என்றார். அதற்கு 15 வருடம் முன்பு, 1959 டிசம்பரில், ரிச்சர்ட் ஃபெயின்மன் அமெரிக்காவில் ஒரு புகழ்பெற்ற உரை நிகழ்த்தினார். அணுக்களையே எடுத்து அடுக்கலாம் என்று கனவு கண்ட உரை அது. எல்லோரும் அவரைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த உரையில் நானோ டெக்னாலஜி என்ற வார்த்தையே கிடையாது. கனவு ஒருவருடையது, பெயர் ஒருவருடையது. 1981-ல் சூரிச்சில் பின்னிக், ரோரர் இருவரும் அணுக்களைத் 'தடவிப்' பார்க்கும் நுண்ணோக்கியைச் செய்து 1986-ல் நோபல் பரிசு பெற்றார்கள். 1989-ல் 35 செனான் அணுக்களை ஒவ்வொன்றாக நகர்த்தி ஒரு கம்பெனியின் மூன்றெழுத்துப் பெயரையே எழுதிக் காட்டினார்கள். கனவு கைக்கு வந்தது.

அதற்காக, சின்னதாக இருப்பதெல்லாம் நானோ டெக்னாலஜி ஆகிவிடாது. பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரையுள்ள எல்லையைத்தான் அந்தப் பெயரால் குறிக்கிறார்கள். ஏன் அந்த எல்லை? அங்கே பொருளின் குணமே மாறத் தொடங்குகிறது. அம்மா கழுத்தில் மஞ்சளாக மின்னும் தங்கம், பத்திருபது நானோமீட்டர் துகளாகித் தண்ணீரில் மிதந்தால் சிவப்பாகத் தெரியும். மைக்கேல் ஃபாரடே 1857-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். இன்னொரு காரணம் பரப்பு. ஒரு சென்டிமீட்டர் கன சதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கிவிட்டால் மொத்தப் பரப்பு 6,000 சதுர மீட்டர். ஒன்றரை ஏக்கர் சுமார்! ஒரு கற்கண்டுத் துண்டுக்குள் ஒன்றரை ஏக்கர் நிலம் மடித்து வைத்திருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். ரசாயன மாற்றம் எல்லாம் மேற்பரப்பில் நடப்பதால், வினையூக்கிகளும் மருந்துகளும் இந்த அளவை நாடிப் போகின்றன. இது நிஜமான விஞ்ஞானம். இதை நான் குறை சொல்லவில்லை.

நான் குறை சொல்வது கடைவீதியை.

2008-ல் டில்லி கண்காட்சியில் டாடா நானோ கார் வந்தபோது நாடே கொண்டாடியது. நல்ல முயற்சிதான், இப்போது அந்தக் கார் தயாரிப்பில் இல்லை. அதன் நீளம் ஏறக்குறைய 3.1 மீட்டர். நானோ கணக்கில் சொன்னால் 310 கோடி நானோமீட்டர்! காருக்குச் செல்லப் பெயர் வைப்பதில் தப்பில்லை. குழந்தைக்கு யானைக்குட்டி என்று பெயர் வைப்பதில்லையா? ஆனால் அதற்குப் பிறகு எதை எடுத்தாலும் நானோ. போன் கடையில் திரையில் ஏதோ ஒரு திரவத்தைத் தடவி "நானோ கோட்டிங் சார், இனி உடையாது" என்று பணம் வாங்குகிறார்கள். எத்தனை நானோமீட்டர் தடிமன் என்று கேட்டேன். "அது கம்பெனிக்குத்தான் தெரியும் தம்பி" என்றார் கடைக்காரர். குடிநீர் வடிகட்டி விற்க வந்தவர் ஒரு மாடலை 0.01 மைக்ரான் என்றும், அதைவிட விலை கூடிய மாடலை "நானோ சார், 10 நானோமீட்டர்" என்றும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விளக்கினார். இரண்டும் ஒரே அளவு! அம்மாவிடம் சொன்னேன். அம்மா அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

என் பெரியப்பா விவசாயி. 2021-ல் நானோ யூரியா வந்தபோது, "ஒரு மூட்டைக்கு ஒரு பாட்டில் போதும்னு சொல்றாங்களே, நீதான் படிச்சவன், சொல்லு" என்றார். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். "நானோன்னா பவர் ஜாஸ்தி பெரியப்பா" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டேன். இப்போது உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அன்று வந்த அரை லிட்டர் பாட்டிலில் நைட்ரஜன் 4 சதவீதம், அதாவது 20 கிராம். 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம், 20 கிலோவுக்கு மேல். ஆயிரம் மடங்கு வித்தியாசம். மண்ணில் கொட்டும் யூரியாவில் பெரும்பகுதி வீணாகிறது, இலையில் தெளித்தால் நேரே போய்ச் சேரும் என்பது ஆதரிப்பவர்களின் வாதம். வீணாவதைக் கழித்தாலும் ஆயிரம் மடங்கு எப்படி ஈடாகும் என்பது எதிர்க்கும் விஞ்ஞானிகளின் கேள்வி. தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் பெரியப்பாவிடம் இந்த இரண்டு எண்களையும் நான் அன்று சொல்லியிருக்கவேண்டும். அவர் வயலுக்கு எது வேண்டும் என்று அவர் முடிவு செய்துகொண்டிருப்பார். 'பவர் ஜாஸ்தி' என்று சொன்னேன் பாருங்கள், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கடைவீதி மட்டுமா? பெரிய இடத்திலும் இதே கதைதான். செல்போன் சிப்பில் 7 நானோ, 5 நானோ, 3 நானோ என்கிறார்கள். அந்த 5 எதன் அளவு? ஒரு காலத்தில் அந்த எண் டிரான்சிஸ்டரில் உண்மையாகவே இருந்த ஒரு நீளத்தைக் குறித்தது. இன்று அது வெறும் தலைமுறைப் பெயர். 5 நானோ என்று பெயர் பெற்ற சிப்பில் ஒரு கேட்டுக்கும் அடுத்த கேட்டுக்கும் உள்ள இடைவெளி 50 நானோமீட்டரை ஒட்டி இருக்கிறது. சிலிக்கான் படிகத்தின் ஓர் அடிப்படைக் கட்டமே 0.543 நானோமீட்டர் என்பதை நினைவில் வைத்தால் இந்த எண்களின் மேல் ஒரு பயபக்தி வரும். கூடவே சந்தேகமும் வரும். இரண்டும் நல்லதுதான். இதில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். மொகாலியில் உள்ள நம் அரசு செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் முறையில்தான் சிப் செய்கிறார்கள். கேலியாகப் பேசுகிறவர்கள் உண்டு. ஆனால் இஸ்ரோ ராக்கெட்டுக்கான விக்ரம் சிப் அங்கேதான் உருவாகிறது. வேலைக்கு எந்த அளவு தேவையோ அந்த அளவு. பலா மரத்தை நகவெட்டியால் வெட்டுவார்களா?

நம் பக்கத்துப் பெருமை ஒன்றும் அடிக்கடி காதில் விழுகிறது. 2006-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள், பழைய டமாஸ்கஸ் வாள் ஒன்றில் கார்பன் நானோ குழாய்களைக் கண்டதாக எழுதினார்கள். அத்தகைய வாள்களுக்கு உருக்கு போனது தென்னிந்தியாவிலிருந்து. உடனே "நம் முன்னோர் அன்றே நானோ டெக்னாலஜி கண்டார்கள்" என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கொல்லர்கள் கண்டது உருக்கு. எந்த மண், எவ்வளவு கரி, எத்தனை நாழிகை சூடு என்று கைப்பக்குவத்தில் கண்டார்கள். அது சாதாரணக் காரியமா? அவர்கள் அறியாத ஒரு பெயரை அவர்கள் தலையில் கட்டித்தான் அவர்களைப் பெரியவர்கள் ஆக்கவேண்டுமா?

முன்னோரைப் பேசவேண்டுமானால் 'இம்மி'யைப் பேசுவேன். "இம்மியும் நகரமாட்டேன்" என்கிறோம். இம்மி என்றால் என்ன? கொஞ்சம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நம் பழைய வாய்பாட்டில் அது ஓர் எண்! முந்திரி 320-ல் ஒன்று. கீழ்முந்திரி 1,02,400-ல் ஒன்று. இம்மி 10,75,200-ல் ஒன்று. ஏறக்குறைய இன்றைய மைக்ரோ. அதற்கும் கீழே மும்மி, அணு என்று போகிறது. 'அணு' என்பது 16 கோடிக்கு மேற்பட்ட பங்குகளில் ஒன்று. திண்ணைப் பள்ளிப் பையன்கள் இதை மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறார்கள். இன்று அந்த எண் போய்விட்டது, 'கொஞ்சூண்டு' என்ற பொருள் மட்டும் மிச்சம். கணக்காக இருந்த சொல் பேச்சாகிவிட்டது. நானோவும் நம் கண் முன்னாலேயே அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது. பொதுமக்கள் பேச்சில் போனால் போகட்டும், மொழி அப்படித்தான். ஆனால் அளவு பார்த்துச் சம்பளம் வாங்கப்போகிற நாம் அப்படிப் பேசலாமா?

நாம் டிப்ளமோக்காரர்கள். டிராயிங் போடுபவர் ஒருவர், மெஷினில் நிற்பவர் ஒருவர், நடுவில் நிற்பது நாம். "நல்லா ஃபினிஷிங் வேணும்" என்று மேலே சொன்னால், அதை 0.8 மைக்ரானா 0.2 மைக்ரானா என்று கேட்டு வாங்கிக் கீழே சொல்லவேண்டிய ஆள் நாம்தான். நாமே "சூப்பர் ஃபினிஷ், நானோ ஃபினிஷ்" என்று பேச ஆரம்பித்தால் மெஷினில் நிற்கும் அண்ணன் எந்த எண்ணை வைத்து அரைப்பார்? தப்பு வந்தால் பழி யார் மேல் விழும் என்பதை நான் பார்த்துவிட்டேன். சுவரைப் பார்த்துத் திட்டுவார்கள்.

ஆகவே, அடுத்த கருத்தரங்கில் மன்றம் ஒரு விதி கொண்டுவரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தலைப்பில் நானோ என்று போடுகிற ஒவ்வொருவரும், எத்தனை நானோ, எதன் நானோ, எதைக்கொண்டு அளந்தது என்ற மூன்றையும் முதல் பக்கத்திலேயே எழுதவேண்டும். எழுத முடியாவிட்டால் தலைப்பிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிடட்டும். கட்டுரை ஒன்றும் குறைந்துவிடாது. என்னுடையதிலிருந்து நான் எடுத்துப் பார்த்தேன். 'எண்ணெயில் துகள் சேர்த்தல்' என்று மிஞ்சியது. பரவாயில்லை, அதுதான் உண்மை.

இன்னொரு வேண்டுகோள் நம் மெட்ராலஜி அறையைப் பற்றியது. இரண்டு வருடமாக நாம் அதைக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்துவந்தோம். உள்ளே அலமாரியில் ஸ்லிப் கேஜ் பெட்டி ஒன்று இருப்பதும், அதில் பல கட்டிகள் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியமானவை என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இரண்டு கட்டிகளைத் துடைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் திருகினால் பசை இல்லாமலே ஒட்டிக்கொள்ளும். நூற்றுக்கணக்கான நானோமீட்டர் என்றால் என்ன என்று விரல் நுனியால் உணர நம் கல்லூரியில் உள்ள ஒரே இடம் அது. "பசங்க தொட்டா கெட்டுப்போயிடும்" என்று பூட்டி வைத்திருந்தார்கள். அவர்கள் பயமும் நியாயம்தான். அது விலை உயர்ந்த பொருள். நாங்கள் ஏழெட்டுப் பேர் துறைத் தலைவரிடம் போய், உதவியாளர் அண்ணன் கூட இருக்கும்போது மட்டும் தொடுகிறோம், எடுத்ததையும் வைத்ததையும் நோட்டில் எழுதுகிறோம் என்று எழுதிக் கொடுத்தோம். மூன்று முறை போனோம். மூன்றாம் முறை சாவியைக் கொடுத்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு மேல் அறை திறந்திருக்கும். முதலாம் ஆண்டு நண்பர்களும் வரலாம். எந்தப் பிரிவாக இருந்தாலும் சரி. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு வாருங்கள். வியர்வை பட்டால் கட்டி துருப்பிடிக்கும். வந்தவுடன் எடுக்க அவசரப்படாதீர்கள். உள்ளங்கைச் சூட்டிலேயே அது சில நூறு நானோமீட்டர் வளர்ந்துவிடும்.